வௌவால் என்ன பாவம் செய்தது?

வாலிநோக்கம் கரையில் வாவல் மீனுக்கு உள்ள மரியாதையே தனி. வலையில் நாலு வாவல் கிடந்தால் ஏலம் கூறுபவர் குரலே மாறிவிடும். வெள்ளை வாவல், கறுப்பு வாவல் என்று தரம் பிரித்து, ஐஸ் போட்டு, பெட்டி கட்டி வெளியூருக்கு அனுப்புகிறார்கள். அந்த மீனுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது? வாவல் என்பது வௌவாலின் பழைய தமிழ்ப் பெயர். தட்டையான உடம்பும் விரிந்த செதிலும் சிறகு விரித்த வௌவாலை நினைவூட்டியதால் கடலோடிகள் அந்தப் பெயரை மீனுக்கு வைத்தார்கள்.

மீன் பெட்டியில் ஏறிவிட்டது. பெயர் கொடுத்த பிராணியின் நிலைமை என்ன? அதே ஊரில், அதே மாலை நேரத்தில், பனையின் காவோலைக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக வெளியே வருகிறது. அதைப் பார்த்ததும் பிள்ளைகள் கல்லைத் தேடுகிறார்கள். பெரியவர்கள் சன்னலை மூடுகிறார்கள். கோயில் மண்டபத்துக்குள் தங்கினால் புகை போடுகிறார்கள், கம்பி வலை அடிக்கிறார்கள். ஆஸ்துமாவுக்கு மருந்து என்று சொல்லிச் சுட்டுத் தின்பவர்களும் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். அப்படி ஒரு மருந்து இருப்பதாக எந்த மருத்துவமும் நிரூபித்தது கிடையாது.

சங்கப் புலவர்களுக்கு இந்த வெறுப்பு இருந்ததாகத் தெரியவில்லை. நற்றிணையின் 87ஆம் பாட்டில் ஊருக்குள் நிற்கும் மாமரத்தில் ஒரு வாவல் தொங்கிக்கொண்டு தூங்குகிறது. தூக்கத்தில் அது கனவு காண்கிறது. என்ன கனவு தெரியுமா? சோழ நாட்டு அழிசியின் காட்டில் தின்ற நெல்லிக்காயின் புளிப்பு! நக்கண்ணையார் என்ற பெண்பாற் புலவர் பாடியது. வௌவாலுக்கு நினைவு உண்டு, ருசி உண்டு, கனவு கூட உண்டு என்று நினைத்த சமூகம் அது. அங்கிருந்து கல்லெடுத்து அடிக்கும் இடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தோம் என்பது யோசிக்க வேண்டிய விஷயம்.

முதலில் சில்லறைக் குற்றச்சாட்டுகளை முடித்துவிடலாம். வௌவாலுக்குக் கண் தெரியாது என்பது பொய். பழந்தின்னி வௌவால்களுக்கு இரவில் நம்மைவிட நன்றாகவே தெரியும். பூச்சி தின்னும் வௌவால்களுக்கும் கண் உண்டு. அதற்கு மேல் எதிரொலியைக் கேட்டு வழி காணும் திறமையும் உண்டு. வாயாலேயே கழிக்கும் என்பதும் பொய். பழத்தைச் சப்பிச் சாற்றை விழுங்கிவிட்டுச் சக்கையைத் துப்புவதைப் பார்த்துக் கட்டிய கதை அது. இரத்தம் குடிக்கும் வௌவால்கள் மூன்றே மூன்று இனங்கள்தான். மூன்றும் மத்திய, தென் அமெரிக்காவில்தான் வாழ்கின்றன. இராமநாதபுரம் மாவட்டத்துக்கு அவை வர வேண்டுமானால் விசா எடுத்துத்தான் வர வேண்டும். தலைமுடியில் சிக்கிக்கொள்ளும், பார்த்தால் சாவு வரும், வீட்டுக்குள் வந்தால் தரித்திரம் என்பவற்றுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் பொழுது போதாது.

பாமரர்களின் நம்பிக்கையை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. படித்தவர்கள் எழுதிய சட்டம் என்ன சொன்னது? 1972இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ஐந்தாம் அட்டவணை என்று ஒன்று இருந்தது. தீங்கு விளைவிக்கும் பிராணிகளின் பட்டியல் அது. அதில் உள்ளவற்றை யாரும் கொல்லலாம், கேள்வி இல்லை. காகம், எலி, சுண்டெலி, இவற்றோடு பழந்தின்னி வௌவால்! எலியையும் வௌவாலையும் ஒரே வரிசையில் உட்கார வைத்தவர்கள் ஒன்றை யோசித்திருக்கலாம். எலி வருடத்துக்குப் பல ஈடு, ஈட்டுக்குப் பல குட்டி என்று போடும். நூறைக் கொன்றாலும் சில மாதங்களில் இருநூறாகும். பெரிய பழந்தின்னி வௌவால் வருடத்துக்கு ஒரே ஒரு குட்டி போடும். அந்தக் குட்டியைத் தாய் நெஞ்சோடு கட்டிக்கொண்டு பறக்கும். ஓர் ஆலமரத்தில் தொங்கும் கூட்டத்தை ஒருநாள் துப்பாக்கியால் சுட்டுக் கலைத்தால் அந்தக் கூட்டம் மீண்டு வரப் பல ஆண்டுகள் ஆகும். சில சமயம் வராமலே போகும்.

பழந்தின்னி வௌவால்களை மொத்தமாக அந்தப் பட்டியலில் போட்டதால் நடந்த கூத்து ஒன்று உண்டு. 1948இல் மேகமலைப் பகுதியில் ஆங்கஸ் ஹட்டன் என்ற தோட்டக்காரர் ஒரு வௌவாலைப் பிடித்தார். அது பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. சாதாரணக் குட்டை மூக்கு வௌவால் என்று தவறாகச் சீட்டு எழுதி அலமாரியில் வைத்துவிட்டார்கள். ஏறக்குறைய கால் நூற்றாண்டு அப்படியே கிடந்தது. 1972இல் தாய்லாந்தைச் சேர்ந்த கிட்டி தோங்லோங்யா என்ற அறிஞர் அதை எடுத்துப் பார்த்து, இது புதிய இனம் மட்டுமல்ல, புதிய பேரினமே என்று அறிவித்தார். சலீம் அலி பெயரையே வைத்தார். தமிழ்நாட்டு மலையில் கிடைத்த, உலகின் அரிய வௌவால்களில் ஒன்று அது. வேடிக்கை என்னவென்றால், அதே 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அதுவும் ஒரு பழந்தின்னி. ஆகவே எலிக்குச் சமம். பிறகு கோவையிலிருந்து இயங்கும் ஜூ அவுட்ரீச் போன்ற அமைப்புகளும் ஆய்வாளர்களும் எழுதி எழுதி, அந்த ஓர் இனத்தை மட்டும் முதல் அட்டவணைக்கு ஏற்றினார்கள். மற்றவை பழைய இடத்திலேயே இருந்தன.

2022இல் சட்டத்தைத் திருத்தியபோதுதான் அந்த ஐந்தாம் அட்டவணையே ஒழிந்தது. 2023 ஏப்ரல் 1 முதல் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. பெரிய பழந்தின்னி வௌவால் இப்போது இரண்டாம் அட்டவணையில் பாதுகாக்கப்பட்ட உயிர். ஐம்பது வருடம் கொல்லலாம் என்று இருந்தது, இன்று கொல்லக்கூடாது என்று ஆகியிருக்கிறது. இந்தச் செய்தி எத்தனை ஊராட்சிக்குப் போய்ச் சேர்ந்தது? சுண்டி வில்லோடும் துப்பாக்கியோடும் தோப்புக்குப் போகிறவருக்கு யார் சொன்னார்கள்?

சரி, வௌவாலால் மனிதனுக்கு என்ன லாபம்? ஓர் உயிர் வாழ்வதற்கு நமக்கு லாபம் காட்ட வேண்டும் என்பதே கொஞ்சம் அநியாயமான கேள்வி. ஆனாலும் கேட்பவர்கள் கேட்கிறார்கள், பதிலும் இருக்கிறது.

இலுப்பை மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பூ இரவில் விரிவது. சதைப்பற்றான, இனிப்பான அந்தப் பூவைத் தின்ன வௌவால் வருகிறது. வந்த இடத்தில் மகரந்தத்தை முகத்தில் பூசிக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போகிறது. பிறகு பழம் பழுக்கிறது. அதையும் கவ்விக்கொண்டு தூரமாகப் போய் உட்கார்ந்து சதையைத் தின்றுவிட்டுக் கொட்டையைப் போடுகிறது. ஆக, காய்ப்பதற்கும் வௌவால், பரவுவதற்கும் வௌவால். இலுப்பைக்கும் பெரிய பழந்தின்னிக்கும் உள்ள இந்த உறவை மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மரத்தடியில் இரவு இரவாக இருந்து பார்த்து எழுதியிருக்கிறார்கள். இலவ மரத்தின் பூவையும் அவர்கள் இப்படியே ஆராய்ந்தார்கள். அங்கேயும் மகரந்தம் சுமப்பதில் வௌவாலுக்குப் பெரும் பங்கு.

இலுப்பைக் கொட்டையிலிருந்து எடுப்பது இலுப்பெண்ணெய். காலங்காலமாகத் தமிழ்நாட்டுக் கோயில்களில் விளக்கெரிந்தது அந்த எண்ணெயில்தான். கருவறையில் எரியும் விளக்குக்கு எண்ணெய் தந்த மரத்தை நட்டது யார் என்று பார்த்தால் பாதி மரங்களுக்கு வௌவால்தான் தோட்டக்காரன். அந்த வௌவால் இனத்தைத்தான் குடமுழுக்கு என்றதும் முதல் வேலையாக மண்டபத்திலிருந்து புகை போட்டுத் துரத்துகிறார்கள். கோயில் கட்டிய தச்சர்கள் ஒரு மண்டப வகைக்கே வௌவால் நெற்றி மண்டபம் என்று பேர் வைத்துவிட்டுப் போனார்கள். புதுப்பிக்க வந்தவர்களுக்கு நாற்றம் மட்டும்தான் தெரிகிறது. நாற்றம் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. எச்சம் கல்லையும் சுதையையும் கறையாக்கும். பக்தர்கள் தலையில் விழும். அது நியாயமான புகார்தான். ஆனால் மக்கள் நடக்கும் பிராகாரத்தை மூடுவது வேறு, யாரும் ஏறாத கோபுரத்தின் மேல்நிலைகளையும் சேர்த்து அடைப்பது வேறு. குட்டி போட்டிருக்கும் காலத்தில் அடைத்தால் தாய் வெளியே, குட்டி உள்ளே. என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

கடற்கரைக்கு வந்தால் புன்னை. நெய்தல் நிலத்தின் மரம். அதன் கட்டை படகுக்கு ஆகும், கொட்டை எண்ணெய் விளக்குக்கு ஆகும். புன்னைப் பழத்தைத் தூக்கிக்கொண்டு போய்ப் போடுவதும் பழந்தின்னிதான். ஆல், அரசு, அத்தி, நாவல் என்று நிழல் தரும் மரங்களில் பாதிக்கு மேல் இந்தக் கணக்கில் வரும். இராமநாதபுரம் போன்ற வறண்ட மாவட்டத்தில், மனிதன் நட்டுத் தண்ணீர் ஊற்றி வளர்க்கும் மரம் எத்தனை, தானாக முளைத்து நிற்கும் மரம் எத்தனை என்று ஒருமுறை எண்ணிப் பார்த்தால் போதும். இன்று கண்ணுக்கெட்டிய தூரம் வரை சீமைக் கருவேலம்தான் நிற்கிறது. பழந்தின்னிக்கு அதில் என்ன இருக்கிறது? நாவலும் இலுப்பையும் அத்தியும் இருந்த இடத்தை அது பிடித்துக்கொண்டால் வௌவால் போகும். வௌவால் போனால் நாவலும் இலுப்பையும் திரும்ப வராது.

பழந்தின்னிகள் ஒரு பக்கம். உலகில் உள்ள 1,400க்கும் மேற்பட்ட வௌவால் இனங்களில் பெரும்பாலானவை பூச்சி தின்பவை. இந்தியாவில் உள்ள சுமார் 130 இனங்களிலும் அப்படியே. இந்த இடத்தில் வௌவாலின் நண்பர்களிடமும் ஒரு சண்டை போட வேண்டியிருக்கிறது. ஒரு வௌவால் மணிக்கு 600 கொசு தின்னும், ஆயிரம் கொசு தின்னும் என்று எங்கே பார்த்தாலும் எழுதுகிறார்கள். 1960இல் அமெரிக்காவில் டொனால்டு கிரிஃபின் குழுவினர் ஓர் அறைக்குள் கொசுக்களைப் பறக்கவிட்டு, வௌவால் நிமிடத்துக்கு எத்தனை பிடிக்கிறது என்று பார்த்தார்கள். சுமார் பத்து. அதை அறுபதால் பெருக்கி ஊரெல்லாம் பரப்பிவிட்டார்கள். அறைக்குள் அடைத்த கணக்கு வயல்வெளிக்குச் செல்லாது. வௌவால் கொசுவும் தின்னும், அவ்வளவுதான். டெங்குவை ஒழிக்க வௌவால் வளர்ப்போம் என்று கிளம்பினால் சிரிப்பார்கள். உண்மையே போதுமானதாக இருக்கும்போது பொய் எதற்கு?

உண்மை என்ன? அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் எட்டு மாவட்டங்களின் பருத்திக் காட்டில், காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சிகளை வௌவால்கள் தின்பதால் விவசாயிகளுக்கு ஆண்டுக்கு சுமார் 7 லட்சத்து 40 ஆயிரம் டாலர் மிச்சம் என்று 2006இல் கணக்கிட்டார்கள். தாய்லாந்தில் நெல்லைத் தாக்கும் வெண்முதுகுத் தத்துப்பூச்சியை ஒரே ஒரு வௌவால் இனம் தின்பதால் சுமார் 26 ஆயிரம் பேரின் ஓராண்டு உணவுக்கான அரிசி காப்பாற்றப்படுகிறது என்று 2014இல் ஒரு கணக்கு வந்தது. அந்த வௌவால் இனம் இந்தியாவிலும் உண்டு. இராமநாதபுரம் மாவட்டத்தில் நெல்லும் உண்டு, பருத்தியும் உண்டு, முண்டு மிளகாயும் உண்டு. பருத்தியையும் மிளகாயையும் துளைக்கும் பச்சைக் காய்ப்புழுவும் உண்டு. டெக்சாஸ் புழுவுக்கு அது சொந்தக்காரன். அந்தப் புழுவின் தாய்ப்பூச்சி பறப்பது இரவில். இரவில் பறப்பதைப் பிடிக்கக் குருவியும் காகமும் விழித்திருப்பதில்லை.

பணக் கணக்கை விடவும் பெரிய கணக்கு ஒன்று 2024இல் வந்தது. அமெரிக்காவில் 2006 முதல் வௌவால்களுக்கு ஒரு பூஞ்சை நோய் பரவியது. மூக்கில் வெள்ளையாகப் பூக்கும் அந்த நோயால் குளிர்காலத்தில் குகைகளில் தூங்கும் வௌவால்கள் லட்சக்கணக்கில் செத்தன. நோய் வந்த மாவட்டங்களையும் வராத மாவட்டங்களையும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் எயால் ஃபிராங்க் ஒப்பிட்டுப் பார்த்தார். வௌவால் செத்த இடங்களில் விவசாயிகள் பூச்சிமருந்து அடிப்பது 31 விழுக்காடு கூடியிருந்தது. அது எதிர்பார்த்ததுதான். அதோடு அந்த மாவட்டங்களில் பச்சைக் குழந்தைகளின் சாவு ஏறக்குறைய 8 விழுக்காடு கூடியிருந்தது. மொத்தத்தில் 1,300க்கும் மேற்பட்ட குழந்தைகள் கூடுதலாக இறந்ததாக அவர் கணக்கு சொல்கிறது. விபத்தில் இறந்தவர்களைச் சேர்க்காத கணக்கு அது. குகைக்குள் வௌவால் செத்ததற்கும் தொட்டிலில் குழந்தை செத்ததற்கும் நடுவே இருந்தது ஒரு பூச்சிமருந்து டப்பா! அமெரிக்காவில் மருந்து அடிப்பவர் முகமூடி, கையுறை மாட்டுகிறார். இங்கே லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, காற்று வரும் திசையிலேயே நின்று அடிக்கிறார்கள். கூடுதலாக மூன்று தடவை மருந்து அடிக்க வேண்டி வந்தால் இங்கே என்ன ஆகும் என்று யாராவது கணக்கெடுக்கப் போகிறார்களா?

இவ்வளவையும் கேட்டுவிட்டு எதிராளி ஒரே வார்த்தையில் வாயடைப்பார்: நிபா.

அதை மழுப்பக்கூடாது. 2018 மே மாதம் கேரளத்தில் கோழிக்கோடு, மலப்புறம் மாவட்டங்களில் நிபா வந்தபோது அரசுக் கணக்கில் 17 பேர் இறந்தார்கள். பேராம்பிராவில் நோயாளியைக் கவனித்த செவிலியர் லினியும் அவர்களில் ஒருவர். 2021இல் ஒரு சிறுவன், 2023இல் மேலும் இருவர். வைரஸ் பெரிய பழந்தின்னி வௌவாலின் உடம்பில் இருக்கிறது என்பது உண்மை. 2018இல் முதலில் நோய் வந்த வீட்டுக் கிணற்றிலிருந்து வௌவால்களைப் பிடித்துச் சோதித்தார்கள். அவை பூச்சித்தின்னிகள், கிருமி இல்லை. அதற்குள் ஊர் முழுக்க எந்த வௌவாலைப் பார்த்தாலும் பீதி. பிறகு பழந்தின்னிகளைச் சோதித்தபோதுதான் கிருமி கிடைத்தது. 2020இல் கொரோனா வந்ததும் அதே கதை. தமிழ்நாடு உட்பட சில மாநிலங்களின் வௌவால்களில் ஒருவகைக் கொரோனா வைரஸ் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சொன்னது. அது மனிதனுக்கு வந்த கொரோனா அல்ல. கேட்டவர்கள் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டு மரத்தை வெட்டக் கிளம்பினார்கள். தெற்காசியாவின் 64 வௌவால் ஆய்வாளர்கள் சேர்ந்து, வௌவாலைக் கொல்லாதீர்கள் என்று அறிக்கை விட வேண்டி வந்தது.

கிருமி வௌவாலிடம் இருக்கிறது. அது மனிதனிடம் எப்படி வருகிறது என்பதல்லவா கேள்வி? மலேசியாவில் 1998-99இல் நிபா முதன்முதலில் வந்தபோது பன்றிப் பண்ணைக்கு மேலேயே மாமரம் நட்டிருந்தார்கள். வௌவால் கடித்த பழம் கொட்டிலில் விழுந்தது, பன்றி தின்றது, பன்றியிடமிருந்து ஆளுக்கு வந்தது. நூற்றுக்கு மேல் சாவு. வங்கதேசத்தில் ஈச்சமரத்துச் சாற்றைப் பச்சையாகக் குடிப்பதால் வந்தது. இரவில் வௌவால் பானையை நக்கிவிட்டுப் போகிறது. காலையில் மனிதன் குடிக்கிறான். அங்கே அதற்குத் தீர்வாக வௌவாலைச் சுடவில்லை. சாறு வடியும் இடத்தில் மூங்கில் தட்டியைக் கட்டி மறைத்தார்கள். வௌவாலால் நக்க முடியவில்லை.

ஆஸ்திரேலியா சொல்லும் பாடம் இன்னும் முக்கியமானது. அங்கே நிபாவின் சொந்தக்கார வைரஸ் ஹெண்ட்ரா, பழந்தின்னியிடமிருந்து குதிரைக்கு வருகிறது. கால் நூற்றாண்டு விவரங்களைத் திரட்டி 2022இல் வெளியான ஆய்வு ஒன்று, காடு அழிந்து பூ கிடைக்காத குளிர்காலத்தில்தான் வௌவால்கள் பண்ணை ஓரத்துக்கு வருகின்றன, அப்போதுதான் நோய் தாவுகிறது என்று காட்டியது. மிச்சமிருந்த காடு நன்றாகப் பூத்த வருடங்களில் வௌவால்கள் காட்டுக்கே போய்விட்டன, நோய் தாவவில்லை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? மரத்தை வெட்டி, புகை போட்டு, வெடி வெடித்து விரட்டினால் வௌவால் மறைந்துவிடாது. பசியோடும் பதற்றத்தோடும் அடுத்த தெருவுக்கு வரும். நிபாவுக்குப் பயந்து ஆலமரத்தை வெட்டுகிறவர் நிபாவை வீட்டுக்கு அழைக்கிறார்.

வாலிநோக்கம், சாயல்குடி பக்கம் இதைக் கவனமாகக் கேட்க வேண்டிய காரணம் ஒன்று இருக்கிறது. இது பனை நாடு. பாளை சீவிக் கலயம் கட்டும் பருவத்தில் வௌவாலும் கலயத்தைத் தேடி வருவது பனையேறிகளுக்குத் தெரியாததல்ல. பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்கினால் பயமில்லை. கொதிக்கிற கொதியில் எந்தக் கிருமியும் நிற்காது. பச்சையாகக் குடிக்கும் பதநீருக்குத்தான் பாதுகாப்பு வேண்டும். பாளையையும் கலயத்தையும் சேர்த்துச் சின்னக் கண்ணுள்ள வலைத்துணியால் மூடினால் வேலை முடிந்தது. செலவு என்ன பெரிய செலவு? வௌவால் கடித்த பழத்தைப் பிள்ளைகள் பொறுக்கித் தின்னக்கூடாது, கீழே விழுந்து கிடக்கும் வௌவாலை வெறுங்கையால் தொடக்கூடாது. இந்த மூன்றையும் ஒரு சுவரொட்டியில் அடித்துப் பள்ளிக்கூடத்தில் ஒட்டிவிடலாம். அதைச் செய்யாமல் வௌவாலைத் திட்டுவது சுலபம் என்பதால் திட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

தோப்பு வைத்திருப்பவர்களின் கோபமும் பொய்யில்லை. பழுத்த மாம்பழத்தையும் கொய்யாவையும் கடித்துப் போட்டால் யாருக்கும் வயிறு எரியும். ஆனால் கொன்றால் தீருமா? நம் தமிழர்கள் போய்க் குடியேறிய மொரீசியஸ் தீவைப் பாருங்கள். லிச்சியையும் மாம்பழத்தையும் தின்கிறது என்று 2015இல் அரசே முன்னின்று சுமார் 30 ஆயிரம் பழந்தின்னிகளைச் சுட்டுக் கொன்றது. அடுத்த ஆண்டும் கொன்றது. அந்த வௌவால் அந்தத் தீவுக்கூட்டத்தைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. பழ விளைச்சல் கூடவில்லை. வௌவால்தான் 2018இல் அழியும் ஆபத்தில் உள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. மரத்துக்கு வலை போட்டவர்களுக்குப் பழம் மிஞ்சியது. வலை வாங்க அரசு மானியம் கொடுத்தால் துப்பாக்கிக் குண்டு மிச்சம்.

தமிழ்நாட்டிலேயே வேறு மாதிரி வாழும் ஊர்களும் இருக்கின்றன. மதுரைக்குத் தென்கிழக்கே புளியங்குளம் என்ற ஊரின் ஆலமரத்தில் பெரிய பழந்தின்னிகள் கூட்டமாகத் தொங்குவதையும், மரத்தில் முனி குடியிருப்பதாக நம்பி ஊரார் அவற்றைக் காப்பதையும் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் மாரிமுத்து 1980களிலேயே எழுதினார். மயிலாடுதுறை அருகே பெரம்பூரில் வௌவால்கள் மிரளும் என்பதற்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. கோவை பக்கம் கிட்டாம்பாளையத்திலும் அப்படியே. தீபாவளிக்கு வெடி இல்லாமல் ஒரு பிள்ளையைச் சமாதானப்படுத்துவது எவ்வளவு கஷ்டம் என்று பெற்றவர்களுக்குத் தெரியும். அதை ஓர் ஊரே தலைமுறையாகச் செய்கிறது.

இந்த ஊர்களைப் பத்திரிகைகள் தீபாவளிக்குத் தீபாவளி படம் போட்டுப் பாராட்டுகின்றன. பாராட்டோடு நின்றுவிடுவதில்தான் சிக்கல். முனிக்குப் பயந்து காப்பாற்றிய தாத்தா போய்விட்டால், முனியை நம்பாத பேரன் மரத்தை விற்றுவிடுவான். சாலையை அகலப்படுத்த வருகிற பொக்லைனுக்கு முனியும் தெரியாது, வௌவாலும் தெரியாது. வெடிக்கு ஒருநாள் தடை போதும். மரத்துக்கு 365 நாளும் பாதுகாப்பு வேண்டும். கூட்டமாக வௌவால் தங்கும் மரங்களை மாவட்ட வாரியாகக் கணக்கெடுத்து, எண் கொடுத்து, வெட்டக்கூடாது என்று வருவாய்த்துறைப் பதிவேட்டில் ஏற்றுவதற்கு என்ன தடை? இதற்குப் புதிய சட்டம் கூட வேண்டாம்.

பனையைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கரையின் வௌவாலைப் பற்றிப் பேச்சை முடிக்க முடியாது. குட்டை மூக்குப் பழந்தின்னிக்குப் பனைதான் வீடு. பாளையங்கோட்டையில் நெட்டிலிங்க மரத்திலும் கொடிகளிலும் இதன் ஆண் வௌவால் தண்டுகளையும் இலைகளையும் கடித்துக் கடித்துக் கூடாரம் கட்டுவதை அங்குள்ள கல்லூரி ஆய்வாளர்கள் 1990களில் விவரமாக எழுதினார்கள். கட்டி முடிக்க வாரக்கணக்கில் ஆகும். பனையில் அந்தக் கஷ்டம் இல்லை. கீழே தொங்கும் காவோலையே கூரை. பூச்சி தின்னும் மஞ்சள் வௌவால்களும் அங்கேயே ஒதுங்கும். வௌவால் வீட்டுக்கு வௌவால் வந்தால் நீயும் தொங்கு, நானும் தொங்குகிறேன் என்று பழமொழியே இருக்கிறது. தொங்குவதற்கு ஓலை வேண்டாமா?

அந்தப் பனைகள் செங்கல் சூளைக்குப் போகின்றன. வறட்சியிலும் நிற்கும் மரம், நடவும் வேண்டாம் தண்ணீரும் வேண்டாம் என்பதால் அதற்கு மதிப்பில்லாமல் போய்விட்டது. 2021இல் தமிழக அரசின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில், மாவட்ட ஆட்சியர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக்கூடாது என்றார்கள். 30 மாவட்டங்களில் 76 லட்சம் பனை விதை விதைப்போம் என்றார்கள். நல்ல அறிவிப்புத்தான். ஆனால் விதைத்த பனை வடலியாகி, நெடுமரமாகிப் பாளை விடப் பத்துப் பதினைந்து வருடமாவது ஆகும். வௌவால் ஒளியும்படி காவோலை தொங்க வேண்டுமானால் மரம் உயர வேண்டும். லாரியில் ஏற்றப்படும் பனைக்கு ஆட்சியரின் அனுமதிச் சீட்டு இருக்கிறதா என்று சாயல்குடி சாலையில் வண்டியை நிறுத்தி யாராவது கேட்கட்டும். இன்று வெட்டிய பனையில் நேற்றுவரை தொங்கிய வௌவால், விதை முளைத்து மரமாகும் வரை எங்கே போய்த் தொங்கும் என்பதற்கும் அவர்களே பதில் சொல்லட்டும்.